குக்குறுவான் நிற்கும் இடம்: பாலியிலிருந்து லொம்போக் வரை ஏழு நாள்

முதல் நாள்: கெத்தாபாங் – கிலிமானுக்

பாலிக்குப் போகிறவர்கள் நேராக டென்பசாரில் விமானம் இறங்குவார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டு வந்தோம். சுரபயாவில் இறங்கி, ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து, ஜாவாவின் கிழக்குக் கோடியான பன்யுவாங்கிக்கு விடிகாலையில் வந்து, கெத்தாபாங் துறையில் ஃபெர்ரி ஏறினோம். கூட வந்திருக்கும் அக்கா மகனுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை.

"எதுக்கு மாமா இவ்வளவு சுத்து?"

"ரெண்டு கடலைத் தாண்டணும்டா. ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு வெள்ளிக்கிழமை. குக்குறுவான்ங்கிற பறவை எந்தக் கடலோட நிக்குதுன்னு பார்க்கத்தான் வந்ததே."

இன்றைய கடல் ஒரு கடலே இல்லை. குறுகலான இடத்தில் இரண்டரைக் கிலோமீட்டர்கூட வராது. எதிர்க்கரையில் நிற்கும் லாரியின் நிறம் தெரிகிறது. துறையை விட்டுக் கிளம்பி, காத்திருந்து, கரை ஒதுங்க முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கியதும் அவன் போனைக் காட்டினான். "மாமா, ஒரு மணி நேரம் காணாமப் போச்சு." ஜாவாவுக்கு ஒரு நேரம், பாலிக்கு ஒரு நேரம். இந்தோனேசிய அரசாங்கத்தின் நேரக்கோடு இந்தச் சின்ன நீர்சந்தியின் மேல்தான் போகிறது.

கடிகாரம் மாறியதே தவிர மற்ற எதுவும் மாறவில்லை. அதே புல்புல், அதே மைனா, அதே நீளவால் குரங்கு. காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. இந்த நீர்சந்தியின் மேடான பகுதி சுமார் 60 மீட்டர் ஆழம்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே கிடந்தது. அப்போது இங்கே கடல் இல்லை, நடந்து போகிற தரைதான். பாலி, ஜாவா, சுமத்ரா, போர்னியோ எல்லாம் மலாய் தீபகற்பத்தோடு ஒட்டிக்கொண்டு ஆசியாவின் வாலாக இருந்தன. புலி நடந்தே பாலிக்கு வந்தது. 1930கள் வரை இங்கே பாலிப் புலி என்று தனி வகையே இருந்திருக்கிறது, சுட்டே தீர்த்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள்: மேற்கு பாலி தேசியப் பூங்கா

வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் விடமாட்டார்கள். எங்களோடு வந்தவரை "ப்ளி" என்று கூப்பிடச் சொன்னார். பாலி மொழியில் அண்ணன். வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் ப்ளி.

பாலி மைனாவைப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்ற உடம்பு, கண்ணைச் சுற்றி நீலத் தோல், இறக்கை நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு. உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும் உள்ள பறவை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து, கூண்டில் வளர்த்து மறுபடி விட்டு, இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. பார்த்தவுடன் மனசு நிறைந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் நான் தேடி வந்தது இதை இல்லை.

பத்து மணி வெயிலில் அந்தச் சத்தம் வந்தது. டொக்... டொக்... டொக். பாத்திரக் கடைத் தெருவில் செம்பு தட்டுகிற மாதிரி, ஒரே சீராக, மூச்சு விடாமல். எங்கள் ஊர் அரசமரத்தில் கோடை முழுக்கக் கேட்கிற அதே செம்மார்புக் குக்குறுவான்!

"உங்குட்-உங்குட்" என்றார் ப்ளி. இந்தோனேசியாவில் அதற்கு அதுதான் பெயர். நாமும் சத்தத்தை வைத்துத்தான் பெயர் வைத்தோம், அவர்களும் சத்தத்தை வைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். காதுதான் வேறு. தொலைநோக்கியில் பார்த்தால் சின்ன வித்தியாசம்: நம் ஊர்ப் பறவைக்குத் தொண்டையும் கண்ணோரமும் மஞ்சள், இங்கே சிவப்பு. மற்றபடி அதே குண்டு உடம்பு, அதே மீசை.

எங்கள் ஊருக்கும் பாலிக்கும் நடுவில் வங்காள விரிகுடாவே கிடக்கிறது. இருந்தும் ஒரே பறவை. உயிர்ப்புவியியல் மண்டலம் என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இயற்கையியலாளர் பூஃபோன் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: ஆப்பிரிக்காவின் வெப்பக் காட்டுக்கும் தென்னமெரிக்காவின் வெப்பக் காட்டுக்கும் தட்பவெப்பம் ஒன்றுதான், ஆனால் பாலூட்டிகள் வேறு வேறு. அப்படியானால் வெயிலும் மழையும் மட்டும் உயிர்களைத் தீர்மானிப்பதில்லை. 1858இல் லண்டனில் பறவையியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் பறவைகளை வைத்து உலகத்தையே ஆறாகப் பிரித்தார். ஐரோப்பாவும் வட ஆசியாவும் சேர்ந்து பேலியார்க்டிக். சஹாராவுக்குத் தெற்கே எத்தியோப்பியன். அப்புறம் இந்தியன், ஆஸ்திரேலியன், நியார்க்டிக், நியோட்ராபிகல். அந்த "இந்தியன்" வட்டத்துக்குள்தான் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, நான் நிற்கிற இந்தப் பாலிக் காடு எல்லாம் வருகிறது. பிற்பாடு அதற்கு ஓரியண்டல் என்று பெயர் மாறியது; இன்று பலர் இந்தோமலாயன் என்கிறார்கள்.

அந்த வட்டத்தின் கிழக்கு விளிம்பு எங்கே? அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள்: சிங்கராஜா

பாலியின் வடகரை. தெற்கில் உள்ள கூட்டமும் கூச்சலும் இங்கே கிடையாது. பழைய புலேலெங் துறைமுகத்தில் இப்போது கப்பல் வருவதில்லை. மரப்பாலம், மீன் பொரிக்கிற உணவகம், ஓர் உயரமான நினைவுச் சிலை, பக்கத்தில் சிவப்பும் தங்கமுமாக ஒரு சீனக் கோயில்.

1856 ஜூன் 13ஆம் தேதி இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்து இறங்கிய கரை இது. பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. வண்டும் பட்டாம்பூச்சியும் பறவைத் தோலும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி, அந்தக் காசில் சாப்பிட்டவர். அவர் போக நினைத்த ஊர் மக்காசர். சிங்கப்பூரிலிருந்து நேர்க் கப்பல் கிடைக்கவில்லை. சரி, வழியில் பாலி, லொம்போக் போய் அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு சீன வியாபாரியின் கப்பலில் ஏறினார். 20 நாள் பயணம். கப்பலின் பெயர் கெம்பாங் ஜெபூன். ஜப்பான் ரோஜா என்று அவர் பெயர்த்திருக்கிறார். ஆனால் பாலிக்காரர்கள் ஜெபுன் என்பது நம் ஈழத்தலரியை. பாலியில் இரண்டே நாள் இருந்தார். நேர்க் கப்பல் கிடைத்திருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன் என்று அவரே பின்னால் எழுதினார். ஒரு கப்பல் கிடைக்காமல் போனதில் உலக வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தது.

சாயங்காலம் மரப்பாலத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அக்கா மகன் கேட்டான்: "அந்த ஸ்க்லேட்டர் பேரை வேற எங்கேயோ கேட்டிருக்கேனே மாமா?"

கேட்டிருப்பான். தமிழனாகப் பிறந்த எவனும் அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. லெமூரியா! ஆறு மண்டலம் பிரித்த அதே ஸ்க்லேட்டர்தான் 1864இல் அந்தப் பெயரை வைத்தவர். அவருடைய சிக்கல் எளிமையானது. மடகாஸ்கரில் லெமூர்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் உறவுக்காரப் பிராணிகள் ஆப்பிரிக்காவில் கொஞ்சம், இந்தியாவில் கொஞ்சம். இந்தியாவில் யார்? நம் தேவாங்குதான். திண்டுக்கல், கரூர் பக்கத்துக் காட்டில் ராத்திரி உருண்டைக் கண்ணோடு திரிகிற, 2022இல் கடவூரில் தனிச் சரணாலயம் கிடைத்த, அதே தேவாங்கு. நடுவில் இவ்வளவு கடல் இருக்கும்போது உறவுக்காரர்கள் எப்படிப் பிரிந்தார்கள்? நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்றார் ஸ்க்லேட்டர். கண்டங்கள் நகரும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நிலம் நகராது என்றால், மூழ்கித்தானே ஆக வேண்டும்?

வாலஸே 1880இல் அந்த மூழ்கிய நிலம் தேவையில்லை என்று மறுத்துவிட்டார். பின்னால் தெரிந்தது: இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மனிதனும் இல்லை, லெமூரும் இல்லை, தேவாங்கும் இல்லாத காலம். அதற்குள் அந்த வார்த்தை நம் கரைக்கு வந்து, சங்க உரைகளில் இருந்த கடல்கோள் கதைகளோடு கைகோத்து, குமரிக்கண்டம் ஆகிவிட்டது. நான் பள்ளியில் படித்தபோது என் ஆசிரியர் கரும்பலகையில் அந்தக் கண்டத்தை வரைந்தே காட்டினார். அழகாக வரைவார். ஒரு விலங்கியல் சிக்கலுக்கு இங்கிலாந்துக்காரர் ஒருவர் போட்ட ஒட்டு அது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"அப்போ தேவாங்காலதான் எல்லாம்" என்றான் இவன். ஒரு வகையில் ஆமாம்.

நான்காம் நாள்: பாடாங் பாய் – லெம்பார்

ஏழு மணி ஃபெர்ரி ஒன்பதரைக்குக் கிளம்பியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

முதல் நாளின் நீர்சந்தியை நினைத்துக்கொண்டு ஏறியவன் ஏமாந்துபோனான். கரை மறையவில்லை, பின்னால் அகுங் எரிமலை, முன்னால் மேகத்துக்கு மேலே ரிஞ்ஜானி, 3,726 மீட்டர். ஆனால் நடுவில் உள்ள தண்ணீர் வேறு ஜாதி. பசிபிக் கடல் தன் உபரி நீரை இந்தியப் பெருங்கடலுக்குள் தள்ளுகிற மதகுகளில் லொம்போக் நீர்சந்தி ஒன்று. ஆறு மாதிரி ஓடுகிறது. சில இடத்தில் மேல்பரப்பு எண்ணெய் ஊற்றியதுபோல வழுவழுவென்று, பத்தடி தள்ளிக் கொதிக்கிற பானை. ஃபெர்ரி மூக்கைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு நகர்ந்தது. அக்கா மகன் முதல் ஒரு மணி நேரம் வீடியோ எடுத்தான். மீதி மூன்றரை மணி நேரம் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இஞ்சி மிட்டாய் கொடுத்த பக்கத்து இருக்கை அம்மாளுக்கு நன்றி.

அகலத்தைவிட ஆழம்தான் இங்கே விஷயம். தெற்கு வாயிலில் உள்ள மேடுகூட 250 மீட்டருக்குக் கீழே. வடக்கே போகப் போக ஆயிரத்தையும் தாண்டும். பனியுகத்தில் கடல் 120 மீட்டர் இறங்கியபோதும் இந்த வாய்க்கால் வற்றவில்லை. புலி வந்து கரையில் நின்றிருக்கும். எதிர்க்கரை தெரிந்திருக்கும். அவ்வளவுதான்.

வாலஸ் இதைத் தாண்டியபோது அவருக்கு ஆழமும் தெரியாது, பனியுகக் கணக்கும் தெரியாது. பாலியில் பார்த்த குக்குறுவான் லொம்போக்கில் இல்லை. அதற்குப் பதில் மரத்தில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கிளியான வெள்ளைக் காக்கட்டூ கத்துகிறது! 1856 ஆகஸ்டில் லண்டனில் இருந்த தன் ஏஜென்டுக்கு லொம்போக்கிலிருந்து எழுதிய கடிதத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்: இரண்டு தீவும் ஒரே அளவு, ஒரே மண், ஒரே தட்பவெப்பம், கண்ணுக்கெட்டும் தூரம், ஆனால் இரண்டும் இரண்டு விலங்கியல் உலகத்தைச் சேர்ந்தவை. 1863இல் வரைபடத்தில் சிவப்பில் கோடு இழுத்தார். பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் கிளம்பி, போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவில் ஏறி, பிலிப்பைன்ஸுக்குத் தெற்கே வெளியே போகிறது. "வாலஸ் கோடு" என்று 1868இல் பெயர் வைத்தவர் ஆங்கில உயிரியலாளர் ஹக்ஸ்லி. பெயரை வைத்துவிட்டு, கோட்டையும் கொஞ்சம் திருத்தி, பிலிப்பைன்ஸின் பெரும்பகுதியைக் கிழக்கே தள்ளிவிட்டார்.

கோட்டைத் தாண்டியதும் போனைப் பார்த்தேன். நேரம் மாறவில்லை. பாலிக்கும் லொம்போக்குக்கும் ஒரே மணி. கடல் பெயருக்கு இருக்கிற இடத்தில் கடிகாரம் மாறுகிறது. ஒரு கண்டத்தின் உயிர் முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்தில் அது அசையவே இல்லை.

லெம்பார் துறைக்குப் பக்கத்தில் லாபுஹான் தெரெங் என்று ஒரு கிராமம். வாலஸின் லாபுவான் திரிங் இதுதான். காக்கட்டூவை அவர் கூட்டமாகப் பார்த்த விரிகுடாவில் இப்போது லாரிகள் வரிசையில் நிற்கின்றன.

ஐந்தாம் நாள்: மத்தாராம்

எங்கும் போகவில்லை. ஜாவா மொழியில் லொம்போக் என்றால் மிளகாய். தீவின் பெயர் அதிலிருந்து வரவில்லை என்று உள்ளூர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நேற்று ராத்திரி சாப்பிட்ட தாலிவாங் கோழிக்கும் பிளெச்சிங் கீரைக்கும் பிறகு, எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆந்திரா மெஸ்ஸில் பழகிய வயிறு என்று சவடால் அடித்தேன். அக்கா மகன் இளநீர் வாங்கி வந்தான்.

ஆறாம் நாள்: கெரண்டாங்கான்

செங்கிகிக்கு மேலே உள்ள பள்ளத்தாக்குக் காடு. ஐந்தரைக்கே போய்விட்டோம். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் யாரோ சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம். துறவிப் பறவை. கழுத்தும் மூக்கும் நீண்டு, முகத்தில் இறகே இல்லாமல் கறுத்த தோலோடு, அழகு என்று சொல்ல வாய் வராது. ஆனால் இதன் குடும்பம் தேனுண்ணிகள், ஆஸ்திரேலியாவின் மரத்துக்கு மரம் இருக்கிற குடும்பம். அடிலெய்டில் கேட்கிற குரலின் சொந்தக்காரன் இங்கே கத்துகிறான்.

கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு சருகுக் குவியல். குப்பை என்று நினைத்து இவன் ஏறப் போனான், பிடித்து நிறுத்தினேன். செங்கால் மேட்டுக்கோழியின் முட்டைக் கிடங்கு அது. அந்தக் கோழி அடைகாக்காது. மண்ணையும் சருகையும் காலால் தள்ளிக் குவித்து, உள்ளே முட்டையிட்டு மூடிவிடும். சருகு மக்கும் சூட்டில் முட்டை பொரியும். குஞ்சு தானே தோண்டி வெளியே வந்து, அம்மா யாரென்றே பார்க்காமல், ஓடிவிடும்.

"செம ஜாலி மாமா" என்றான் விடுதியில் வளர்ந்தவன்.

எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. வெயில் ஏறியது. குக்குறுவான் கத்த வேண்டிய நேரம். ஆலமரம் இருக்கிறது, அத்திப்பழம் இருக்கிறது, பட்ட கிளை இருக்கிறது. டொக் இல்லை. ஒரு சத்தம் இல்லாததைக் கேட்பதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்று வீட்டில் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

ஆனால் கோடு என்பதைச் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. இதே காட்டில் நீளவால் குரங்கு இருக்கிறது, அது ஆசிய ஆள். மனிதன் கூட்டி வந்திருக்கலாம். குட்டி மரங்கொத்தி ஒன்று ஜாவா பக்கத்திலிருந்து கோட்டைத் தாண்டி இங்கேயும் இருக்கிறது. எதிர்த்திசையில் ஒரு தேனுண்ணி பாலிக்குப் போய்விட்டது. மேட்டுக்கோழியே சட்டத்தை மீறியதுதான்: அதன் ஒன்றுவிட்ட உறவு நம் நிக்கோபார் தீவுகளில், கோட்டுக்கு வெகு தூரம் மேற்கே, அதேபோலக் குவியல் போட்டுக்கொண்டிருக்கிறது. செடிகளைக் கேட்டால் கோடே கிடையாது என்பார்கள். தாவரவியலாளர்கள் மலாயா முதல் நியூகினி வரை மலேசியா மண்டலம் (Malesia, மலேசியா நாடு இல்லை) என்று ஒரே துண்டாக வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் கோடுகள் பெருகின. ஆஸ்திரேலியக் கண்டத்திட்டின் விளிம்பில், நியூகினிக்குப் பக்கத்தில், 1896இல் லைடெக்கர் ஒரு கோடு போட்டார். ஆசிய இனமும் ஆஸ்திரேலிய இனமும் சரிபாதி ஆகும் இடம் என்று நடுவில் இன்னொரு கோடு, வெபர் பெயரில். வாலஸ் கோட்டுக்கும் லைடெக்கர் கோட்டுக்கும் நடுவில் உள்ள தீவுகளுக்கு வாலேசியா என்று 1928இல் பெயர் வந்தது. பனியுகத்தில்கூட எந்தக் கண்டத்தோடும் ஒட்டாத தீவுகள். நீந்தியோ பறந்தோ மரக்கட்டையில் மிதந்தோ வந்தவர்கள் மட்டும் வாழ்கிற இடம். வாலஸுக்கே சுலவேசியை எங்கே வைப்பது என்று கடைசி வரை தீரவில்லை. அங்கே குரங்கும் இருக்கிறது, பையில் குட்டி சுமக்கிற கஸ்கஸும் இருக்கிறது. 1910இல், 87 வயதில், தன் கோட்டைத் தானே நகர்த்தி சுலவேசியை ஆசியப் பக்கம் சேர்த்தார். அந்த வயதில் தன் பெயரில் உள்ள கோட்டை அழித்துப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

இப்போது கோடு போடுவது கணினி. 2013இல் ஒரு குழு 21,037 வகைத் தவளை, பறவை, பாலூட்டிகளை எடுத்து, எங்கே வாழ்கின்றன என்பதோடு யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்ற வம்ச மரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. ஆறு மண்டலம் பதினொன்று ஆனது. மடகாஸ்கர் தனிக்குடித்தனம் போனது. சீனாவும் ஜப்பானும் தனி. சஹாராவும் அரேபியாவும் தனி. எனக்கு அந்த வரைபடம் பிடித்திருந்தது. ஆனால் குக்குறுவான் நின்ற இடத்தைக் கணினி இல்லாமலே வாலஸ் கண்டுபிடித்தார் என்பது இன்னும் பிடித்திருக்கிறது.

காக்கட்டூ? பார்க்கவில்லை. மஞ்சள் கொண்டைக் காக்கட்டூவை இந்தத் தீவில் கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்து ஏறக்குறைய துடைத்தே விட்டார்கள்.

ஏழாம் நாள்: அம்பெனான்

வாலஸ் லொம்போக்கில் இறங்கிய துறை இது. கறுப்பு மணல். அலை கரையில் வந்து விழும் வேகத்தைப் பற்றி அவர் பயந்து எழுதியது இன்றைக்கும் பொருந்தும். துறைமுகம் போய்விட்டது, டச்சுக் காலத்துக் கடைவீதி மட்டும் நிறம் மாற்றி அடித்துக்கொண்டு நிற்கிறது. மீன் சுடுகிற புகையில் நடந்துகொண்டிருந்தோம்.

டொக்... டொக்... டொக்.

இரண்டு பேரும் நின்றுவிட்டோம். "மாமா! வாலஸ் அவுட்!" என்று குதித்தான் இவன். எனக்கும் நெஞ்சு படபடத்தது. சத்தம் வந்த சந்துக்குள் ஓடினோம். மரத்தை அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. சத்தம் அதற்குக் கீழே, ஒரு சைக்கிள் கடையின் இறவாணத்திலிருந்து வருகிறது. வரிசையாக ஐந்து மூங்கில் கூண்டு. நான்கில் பாட்டுப் பறவைகள். ஐந்தாவதில் சிவப்புத் தொண்டையோடு குக்குறுவான்.

கடைக்காரப் பெரியவரிடம் கேட்டோம். பாட்டுப் போட்டிக்குப் பறவை வளர்க்கிறாராம். அதன் தாளம் சீராக இருக்கும், பக்கத்தில் தொங்கவிட்டால் மற்ற பறவைகள் கேட்டுக் கற்றுக்கொள்ளும் என்றார். ஜாவாவிலிருந்து வந்தது. எப்படி என்றதற்குக் கடல் பக்கம் கையைக் காட்டினார்.

"ஃபெர்ரியில்."

மக்ரிப் பாங்கு ஒலித்தது. பெரியவர் எழுந்து ஒவ்வொரு கூண்டாகத் துணி போட்டு மூடினார். ஐந்தாவதை மூடியதும் சத்தம் நின்றது. கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். எங்கள் ஃபெர்ரி நாளைக் காலை ஏழு மணிக்கு என்று சீட்டில் போட்டிருக்கிறது.